சட்டர்ன் கோயிலின் பூட்டு

உரோமர்களின் கோயில் என்றால் கும்பிடுகிற இடம் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். ஆனால் பலி கொடுப்பதெல்லாம் பெரும்பாலும் வெளியில், வாசலுக்கு முன்னால் இருந்த பலிபீடத்தில்தான் நடந்தது. உள்ளே தெய்வத்தின் சிலை இருக்கும். அப்போ அவ்வளவு பெரிய கட்டடம் என்னத்துக்கு? அரசாங்க அலுவல் பார்க்கவும்தான்.

போரம் சதுக்கத்தில் இருந்த சட்டர்ன் கோயில்தான் உரோமக் குடியரசின் திறைசேரி. பொன், வெள்ளி, கணக்கேடுகள், படைகளின் கொடிகள்கூட அங்கேதான் இருந்தன. காஸ்டர் கோயிலில் நிறைப்படிகளைச் சரிபார்த்தார்கள். யூனோ மொனேற்றா கோயிலுக்குப் பக்கத்தில் நாணயம் அடித்தார்கள். ஆங்கிலத்தில் காசைக் குறிக்கும் 'மணி' என்ற சொல்லே அந்த மொனேற்றாவிலிருந்து வந்ததுதான். செனற் சபையும் நினைத்த இடத்தில் கூடமுடியாது. சகுனம் பார்த்துப் புனிதப்படுத்திய இடமாக இருக்கவேணும், அதனால் பல கூட்டங்கள் கோயில்களுக்குள்ளேயே நடந்தன.

கடவுளின் வீட்டில் கைவைக்க யாரும் துணியமாட்டார்கள் என்ற எண்ணமும் இதற்குப் பின்னால் இருந்திருக்கும். பூட்டு பாதி, பயம் பாதி.

அதிகாரம் உள்ளவனுக்கு அந்தப் பயம் இருந்ததா? கி.மு. 121இல் கையஸ் கிராக்கஸையும் அவருடைய ஆதரவாளர்களையும் ஒழித்துக்கட்டிய கொன்சல் ஒபிமியஸ், அதே கையோடு 'ஒற்றுமை'த் தெய்வத்துக்கு ஒரு கோயில் எழுப்பினார். கொன்றவனே ஒற்றுமைக்குக் கோயில் கட்டினால் சனம் சும்மா இருக்குமா? இரவோடிரவாக யாரோ அந்தக் கோயிலில் கிண்டலாக எழுதிவைத்துவிட்டுப் போனதாக புளூட்டார்க் சொல்கிறார்.

சட்டர்ன் கோயிலின் முறை கி.மு. 49இல் வந்தது. யூலியஸ் சீசர் படையோடு உரோமுக்குள் வர, பொம்பேயும் கொன்சல்களும் திறைசேரியை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். சீசருக்குப் படை நடத்தக் காசு வேணும். மக்களின் சார்பில் தெரிவாகும் திரிபியூன் பதவியில் இருந்த மெத்தெல்லுஸ் என்ற ஒரேயொருவர் சட்டத்தைச் சொல்லிக் குறுக்கே நின்றார். திரிபியூனின் உடலில் கைவைப்பதே பாவம் என்பது உரோமர்களின் சட்டம். சீசர் கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார், மெத்தெல்லுஸ் விலகினார். சாவி கிடைக்கவில்லை, கொல்லர்களைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்தார்கள். 15,000 தங்கக் கட்டிகளும் 30,000 வெள்ளிக் கட்டிகளும் போனதாகப் பிளினி கணக்குச் சொல்கிறார்.

இதில் எங்களுக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்த நிதியில் ஒரு பகுதி கோலியர் படையெடுத்து வந்தால் மட்டும் தொடலாம், மற்றபடி தொட்டால் சாபம் என்று ஒதுக்கிவைத்ததாம். சீசர் என்ன சொன்னார் தெரியுமா? கோலியரைத்தான் நான் அடக்கிவிட்டேனே, இனி என்ன சாபம்!