காரை ஓட்டியது கேரிஸ்

நல்ல புகைப்படம் ஒன்றைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "யார் எடுத்தது?" என்பதுதான். அந்த இடத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனது யார், பெட்ரோலுக்குப் பணம் எப்படி வந்தது, இரவு எங்கே தங்கினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்டால் புகைப்பட வரலாற்றில் சில பக்கங்கள் வேறு மாதிரி தெரியும். அப்படி ஒரு பக்கம்தான் எட்வர்ட் வெஸ்டன், கேரிஸ் வில்சன் இருவரின் கதை.

எட்வர்ட் வெஸ்டன் 1886-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். 20-ம் நூற்றாண்டின் மிகப் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். ஒரு குடைமிளகாயையும் ஒரு சிப்பியையும் படமெடுத்தே உலகப் புகழ் பெற்றவர்! ஆனால் புகழ் வேறு, பணம் வேறு. பிழைப்புக்காக வருடக்கணக்கில் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, வருகிறவர்களின் முகங்களைப் படமெடுத்துக் கொண்டிருந்தார். மலை, பாலைவனம், கடற்கரை என்று ஊர் சுற்றி, மனதுக்குப் பிடித்ததை மட்டும் எடுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

கேரிஸ் வில்சன் 1914-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். அப்பா ஹாரி லியோன் வில்சன் பிரபலமான நாவலாசிரியர். 1934-ல் கேரிஸும் வெஸ்டனும் நெருக்கமானார்கள். இருவருக்கும் 28 வயது வித்தியாசம். வெஸ்டனின் கேமரா முன் கேரிஸ் பலமுறை நின்றார். 1936-ல் ஓஷியானோ மணல்மேடுகளில் எடுத்த படங்கள் இன்றும் புத்தகங்களில் வருகின்றன. அதனால் "வெஸ்டனின் மாடல்" என்ற பெயர் கேரிஸுக்கு நிலைத்துவிட்டது. அவர் செய்த மற்ற வேலைகள் அந்தப் பெயருக்குப் பின்னால் மறைந்து போயின.

இரண்டு வரியும் நான்கு பக்கமும்

அமெரிக்காவில் குகன்ஹைம் அறக்கட்டளை என்று ஒன்று உண்டு. 1925-ல் தொடங்கப்பட்டது. எழுத்தாளர்கள், அறிஞர்கள், கலைஞர்கள் கவலையில்லாமல் தங்கள் வேலையைச் செய்ய உதவித்தொகை தரும். அதுவரை புகைப்படக்காரர் யாருக்கும் அது கிடைத்ததில்லை. வெஸ்டன் விண்ணப்பித்தார். தன் திட்டத்தை இரண்டே வாக்கியங்களில் எழுதி, 35 படங்களை வைத்து அனுப்பிவிட்டார்!

இதைக் கேள்விப்பட்ட புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கும் அவருடைய கணவர் பால் டெய்லரும், விண்ணப்பம் இவ்வளவு சுருக்கமாக இருந்தால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்று சொன்னார்கள். உடனே நான்கு பக்கத்தில் ஒரு கடிதமும் வேலைத்திட்டமும் தயாராகிப் போய்ச் சேர்ந்தன. அதை எழுதியவர் கேரிஸ். கையெழுத்து வெஸ்டனுடையது.

1937 மார்ச் மாதம் செய்தி வந்தது. உதவித்தொகை 2,000 டாலர். குகன்ஹைம் பெற்ற முதல் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் என்று வரலாற்றில் பதிவானது.

வரவும் செலவும்

ஒரு வருடத்துக்கு 2,000 டாலர் என்றால் மாதத்துக்கு சுமார் 166 டாலர். பொருளாதாரப் பெருமந்தம் இன்னும் தீராத அந்த நாட்களில் அது நல்ல தொகைதான். ஆனால் அதற்குள் காரும், பெட்ரோலும், ஃபிலிமும், இரண்டு பேரின் சாப்பாடும் அடங்க வேண்டும். எனவே தென் கலிபோர்னியா ஆட்டோமொபைல் கிளப் நடத்திய பத்திரிகையோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மாதம் 8 முதல் 10 படங்கள் கொடுத்தால் வெஸ்டனுக்கு 50 டாலர். படங்களுக்குக் குறிப்பும் சிறு கட்டுரையும் எழுதினால் கேரிஸுக்கு 15 டாலர்.

புதுக் கார் ஒன்று வாங்கினார்கள். அதை ஓட்டியது கேரிஸ். வெஸ்டன் கார் ஓட்ட மாட்டார்! மலைப்பாதையோ மணல்பாதையோ, ஸ்டீயரிங் கேரிஸின் கையில்தான். பக்கத்து இருக்கையில் வெஸ்டன் வெளியே பார்த்துக்கொண்டே வருவார். ஏதாவது கண்ணில் பட்டால் வண்டி நிற்கும். இறங்கிப் போய் முக்காலியை நிறுத்துவார்.

அந்தக் கேமராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் ஃபிலிம் ஒவ்வொன்றும் 8 அங்குலத்துக்கு 10 அங்குலம் உள்ள தனித் தாள். வெஸ்டன் தன் படங்களைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடுவதில்லை. நெகடிவை அப்படியே காகிதத்தின் மேல் வைத்து ஒளி பாய்ச்சுவார். அதனால் நெகடிவ் எந்த அளவோ, படமும் அதே அளவு. நுணுக்கம் எல்லாம் கூர்மையாக விழும். ஆனால் கேமராவும் முக்காலியும் ஃபிலிம் சட்டங்களும் சேர்ந்தால் பெரிய சுமை. கார் இல்லாமல் இந்த வேலை நடக்காது. கார் ஓட்ட ஆள் இல்லாமல் கார் நடக்காது.

இது ஒரே மூச்சில் போன பயணமும் அல்ல. போவார்கள், திரும்புவார்கள், எடுத்ததைக் கழுவிப் பார்ப்பார்கள், மறுபடி கிளம்புவார்கள். 12 மாதங்களில் மொத்தம் 17 பயணங்கள். ஓடிய தூரம் 16,697 மைல், அதாவது சுமார் 26,870 கிலோமீட்டர். எடுத்த நெகடிவ்கள் 1,260. வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 21 கிலோமீட்டருக்கு ஒரு படம்! இந்தத் தூரம் இவ்வளவு துல்லியமாக இன்று தெரிவதற்குக் காரணம், கேரிஸ் எழுதி வைத்த பயணக் குறிப்பேடு.

வழியில் கண்டவை

மோஹாவி பாலைவனம், மரணப் பள்ளத்தாக்கு, நியூ மெக்சிகோ என்று பயணம் நீண்டது. 1937 கோடையில் இன்னொரு பெரிய புகைப்படக் கலைஞரான ஆன்சல் ஆடம்ஸ் இருவரையும் சியரா மலைகளில் எடைசா ஏரிப் பக்கம் அழைத்துப் போனார். அங்கே கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை. தலையைத் துணியால் சுற்றிக்கொண்டு பாறையில் சாய்ந்து, களைப்போடு உட்கார்ந்திருக்கும் கேரிஸை வெஸ்டன் எடுத்த படம் மிகப் புகழ் பெற்றது. யோசெமிட்டிக்குத் திரும்பிய பிறகு ஆடம்ஸின் இருட்டறையில் தீப்பிடித்தது. விருந்தாளிகளும் சேர்ந்து நெகடிவ்களைக் காப்பாற்ற ஓடினார்கள். ஆனாலும் பல போய்விட்டன.

நாடு பசியில் கிடக்கும்போது இவர்கள் பாறையையும் மரத்தையும் படமெடுக்கிறார்களே என்ற விமர்சனமும் அந்தக் காலத்தில் இருந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சாலைகளில் போகிறவர்களால் பசியைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது. 1937-ல் கலிபோர்னியாவின் கொலராடோ பாலைவனத்தில் வழியில் ஒரு மனிதர் இறந்து கிடந்ததை இவர்கள் கண்டார்கள். வெஸ்டன் அவரையும் படமெடுத்தார். மணலையும் மலையையும் தேடிப் போன பயணத்தின் படங்களுக்கு நடுவே அந்த முகமும் இருக்கிறது.

வீட்டுப் பக்கம்

1938-ல் உதவித்தொகை இன்னொரு வருடம் நீட்டிக்கப்பட்டது. இந்த முறை பெரும்பாலும் பிரிண்ட் போடும் வேலை. கார்மல் ஹைலண்ட்ஸில் கேரிஸின் அப்பாவுக்குச் சொந்தமான இடத்தில், வெஸ்டனின் மகன் நீல் ஒரு சிறிய மரவீடு கட்டிக் கொடுத்தார். பூனைகள் நிறைய இருந்ததால் அதற்கு 'வைல்ட்கேட் ஹில்' என்று பெயர் வைத்தார்கள். கார் நிறுத்துவதற்காகத் திட்டமிட்ட சிறு கொட்டகை கேரிஸின் எழுத்தறை ஆனது. 1939 ஏப்ரல் 24 அன்று இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். 1940-ல் 'கலிபோர்னியாவும் மேற்கும்' என்ற புத்தகம் வந்தது. படங்கள் 96, வெஸ்டனுடையவை. எழுத்து முழுவதும் கேரிஸுடையது.

1941-ல் மறுபடி நீண்ட பயணம். வால்ட் விட்மனின் 'புல்லின் இதழ்கள்' கவிதை நூலின் புதிய பதிப்புக்குப் படங்கள் வேண்டும் என்று ஒரு பதிப்பகம் 1,000 டாலரும் பயணச் செலவும் தந்தது. காருக்கே 'வால்ட்' என்று பெயர் வைத்து 24 மாநிலங்கள் சுற்றினார்கள். டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. பயணம் பாதியில் முடிந்து, வீடு திரும்பினார்கள்.

பிறகு போர்க்காலம். பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் பாயிண்ட் லோபோஸ் கடற்கரையை வெஸ்டன் 1929 முதல் படமெடுத்து வந்தார். அதையும் ராணுவம் எடுத்துக்கொண்டது. இருவரும் எதிரி விமானம் வருகிறதா என்று வானத்தைக் கண்காணிக்கும் தொண்டு வேலைக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கான மைல் சுற்றிய கேமரா வீட்டு முற்றத்துக்குள் அடங்கியது. பூனைகளைப் படமெடுத்தார் வெஸ்டன். அந்தப் படங்களும் கேரிஸின் எழுத்தும் சேர்ந்து 1947-ல் 'வைல்ட்கேட் ஹில்லின் பூனைகள்' என்ற புத்தகமாக வந்தன. ஆனால் புத்தகம் வருவதற்குள் இருவரும் பிரிந்துவிட்டார்கள். 1945-ல் பிரிவு, 1946-ல் விவாகரத்து.

பார்க்கின்சன் நோயால் கை நடுங்கத் தொடங்கிய வெஸ்டன், தன் கடைசிப் படத்தை 1948-ல் பாயிண்ட் லோபோஸில் எடுத்தார். 1958 ஜனவரி 1 அன்று வைல்ட்கேட் ஹில்லில் காலமானார். கேரிஸ் 1998-ல் அந்த வருடங்களைப் பற்றித் தன் பெயரில் ஒரு புத்தகம் எழுதினார். 2009-ல், 95-வது வயதில் மறைந்தார். அப்போதும் பல செய்திகள் அவரை "மாடல்" என்றே குறிப்பிட்டன.

கணக்கில் வராதது

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் கட்டடம் வரும், இயந்திரம் வரும், மேசை நாற்காலிகூட வரும். அங்கே வேலை செய்கிறவர்களின் திறமை சொத்துப் பக்கத்தில் வராது. அதைப் பணமாக அளக்க முடியாது என்பது காரணம். ஆனால் அந்தத் திறமை இல்லாவிட்டால் இயந்திரம் ஓடாது.

வெஸ்டன் பெரிய கலைஞர், அதில் சந்தேகமே இல்லை. கேரிஸ் வருவதற்கு முன்பே அவர் பெரிய கலைஞர்தான். அந்த 1,260 நெகடிவ்களைப் பார்த்த கண் அவருடையது. ஆனால் பணம் கேட்டு எழுதிய கை, 16,697 மைல் ஓட்டிய கை, குறிப்பேட்டை நிரப்பிய கை, புத்தகத்தை எழுதிய கை எல்லாம் கேரிஸுடையது. விருது ஒருவர் பெயரில் வந்தாலும் வேலை கூட்டாண்மையில்தான் நடந்தது.

அடுத்த முறை ஓர் அழகான மலைக் காட்சியைப் படத்தில் பார்க்கும்போது, சட்டத்துக்கு வெளியே சாலையோரத்தில் ஒரு கார் நிற்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அதில் ஒருவர் மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருப்பார்.