வெண்காட்டுக் கொடித்தோடை

பிரேசிலின் வடகிழக்கு என்றதும் இலக்கிய வாசகர் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஒரு போர்தான். பாஹியா மாநிலத்தின் வறண்ட உட்பகுதியிலிருந்த கனுடோஸ் என்னும் ஊரைக் குடியரசின் படை 1897-இல் அழித்தது. அதைச் செய்தியாளராகச் சென்று கண்ட யூக்ளிடிஸ் த குன்யா 1902-இல் 'ஓஸ் செர்த்தோயிஸ்' என்ற நூலை எழுதினார். 1981-இல் மரியோ வர்காஸ் யோசா அதே போரை நாவலாக்கினார். த குன்யா நூலின் முதற்பகுதி முழுவதும் நிலத்தைப் பற்றியது. போரைத் தேடிச் செல்பவர்கள் அதைப் புரட்டித் தள்ளிவிடுவதுண்டு. எனக்கோ அப்பகுதியே பிடித்தமானது. இக்கட்டுரையும் அந்த நிலத்துக் கொடியொன்றைப் பற்றியதே.

அந்நிலத்தின் பெயர் காத்திங்கா. துப்பி மொழியில் 'வெண்காடு' என்று பொருள். கோடையில் இலையனைத்தும் உதிர்ந்து, முட்புதர்களும் அடிமரங்களும் சாம்பல் வெண்மையாக நிற்பதால் வந்த பெயர். எட்டு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு. 1877 முதல் 1879 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் இங்கே லட்சக்கணக்கானோர் மாண்டனர். அப்பஞ்சத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1868-இல், ஆங்கிலேயத் தாவரவியலாளர் மாஸ்டர்ஸ் ஒரு கொடிக்குப் 'பாசிஃப்ளோரா சின்சினாட்டா' என்று பெயரிட்டார். ஊதா நிறப் பூ, புளிப்பு மிகுந்த கனி. அம்மக்களுக்கு அது காட்டு மரகுஜா.

நாம் பேஷன் ஃப்ரூட் என்று சொல்வதன் உறவுக்கொடி இது. அப்பெயரிலுள்ள 'பேஷன்' காதல் வேட்கையைக் குறிப்பதாக எண்ணுவோர் உண்டு. உண்மையில் அது கிறிஸ்துவின் பாடுகளைக் குறிப்பது. பூவின் மூன்று சூல்முடிகளில் ஆணிகளையும், ஐந்து மகரந்தத்தாள்களில் ஐந்து காயங்களையும், இழைவட்டத்தில் முள்முடியையும் கண்டார்கள் பாதிரியார்கள். 1610 வாக்கில் ரோமிலிருந்த ஜாக்கோமோ போசியோ இவ்விளக்கத்தை எழுதி ஐரோப்பாவில் பரப்பினார். ஈழத்தமிழர் இந்தச் சுமையெதுவும் இன்றிக் கொடித்தோடை என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டார்கள். நம் மலைப்பகுதிகளில் இதுவே தாட்பூட் பழம்.

பிரேசில் வயல்களில் பெரும்பாலும் விளைவது மஞ்சள் கொடித்தோடை. அது தண்ணீர் கேட்கும் பயிர். வடகிழக்கில் பாசனம் கிடைத்த இடங்களில் அது செழித்தது. மற்ற இடங்களில், மழை பொய்க்கும் ஆண்டுகளிலும் உயிர்பிடித்து நின்றது காட்டுக்கொடி ஒன்றே. ஆனால் அதைப் பயிராக்குவதில் ஒரு விசித்திரமான தடை இருந்தது. மல்கோவா ஒன்று நன்றாக இருந்தால் ஒட்டுக்கட்டி ஊரெங்கும் அதே மரத்தைப் பரப்பலாம். இக்கொடியில் அது நடவாது. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத கொடி இது. மிகச் சிறந்த ஒன்றைத் தேர்ந்து, பதியன் போட்டுத் தோட்டம் முழுக்க அதையே நட்டால், பூத்துக் குலுங்கும், காய் பிடிக்காது. மரபணுவில் வேறுபட்ட அயற்கொடி ஒன்று அருகிலிருந்தாக வேண்டும். அம்மகரந்தத்தைச் சுமந்து வரக் கருவண்டும் வேண்டும்; சிறு தேனீக்கள் திருடித்தான் செல்லும், சூல்முடியைத் தொடுமளவு உடல் அவற்றுக்கு இல்லை.

ஆகவே இங்கே இனமேம்பாடு என்பது ஒரே ஒரு தலைசிறந்த கொடியைக் கண்டெடுப்பதாக இருக்க முடியாது. வெவ்வேறு இடங்களின் காட்டுக்கொடிகளைத் திரட்டி, கலந்து, விதை முளைப்பித்து, தேர்ந்து, வேற்றுமை அற்றுப்போகாமல் ஒரு கூட்டத்தையே மெல்ல உயர்த்த வேண்டும். பிரேசில் அரசின் வேளாண் ஆய்வு நிறுவனமான எம்ப்ராபா, 1975-இல் பெட்ரோலினா நகரில் வறள்நில ஆய்வுக்கென ஒரு மையத்தை நிறுவியது. அம்மையமும் செராடோ புல்வெளிப் பகுதிக்கான மையமும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ரகம்தான் 'பிஆர்எஸ் செர்த்தாவ் ஃபோர்த்தே'. மானாவாரி நிலத்துச் சிறு உழவரை எண்ணி உருவாக்கப்பட்டது. இதன் கனி முதிர்ந்த பின்னும் பச்சையாகவே இருக்கும். மஞ்சளுக்குப் பழகிய கண்ணுக்கு அது வெறும் காய்.

ஆய்வு மையத்தின் ரகத்துக்கு முன்பே அக்கனியைச் சந்தைக்குக் கொண்டு வந்தவர்கள் உண்டு. கனுடோஸ், உவாவா, குராசா ஆகிய ஊர்களின் உழவர்கள், அவர்களிலும் பெரும்பாலும் பெண்கள், 2004-இல் ஒரு கூட்டுறவு அமைத்து, உம்பு பழத்தோடு இக்காட்டுப் பழத்தையும் பாகாக்கி விற்கத் தொடங்கினார்கள். படை தரைமட்டமாக்கிய அதே கனுடோஸ்தான். பழைய ஊர் 1960களின் இறுதியில் அணைநீரில் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது மட்டும் இடிபாடுகள் தலைகாட்டும்.

காத்திங்காவில் ஏறத்தாழப் பாதி ஏற்கெனவே அழிந்தோ உருமாறியோ போய்விட்டது. செங்கல் சூளைக்கும் ஜிப்சம் சூளைக்கும் இன்றும் விறகு அங்கிருந்து போகிறது. அதில் முதலில் வெட்டுப்படுவது காய்ந்த மரம். பட்டமரம்தானே என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை. கருவண்டு துளையிட்டுக் குஞ்சு பொரிப்பது அந்தப் பட்டமரத்தில்தான்.