இறைவனிடம் ஒப்புக்கொடுத்தல் (கிறிஸ்தவ மரபு)

தன் விருப்பத்தையும் வருங்காலத்தையும் கடவுளின் சித்தத்துக்கு விட்டுவிட்டால் மனம் அமைதியடையும் என்ற நம்பிக்கையும், அதையொட்டி வளர்ந்த ஜெபமுறைகளும் இத்தலைப்பில் அடங்கும். கத்தோலிக்கர் இதைக் கையளித்தல் என்றும், சீர்திருத்தச் சபையார் அர்ப்பணம் அல்லது முற்றும் ஒப்புக்கொடுத்தல் என்றும் வழங்குவர். கெத்செமனே தோட்டத்தில் இயேசு செய்த ஜெபமும், 31ஆம் சங்கீதத்தின் சொற்களைச் சொல்லிச் சிலுவையில் அவர் உயிர்விட்டதும் இதற்கு மூலமாகக் கொள்ளப்படுகின்றன. கவலைப்படாதிருக்கச் சொல்லி, அறிவுக்கு எட்டாத சமாதானத்தைப் பற்றிப் பவுல் எழுதியது பிலிப்பியர் நிருபத்தில். அதை எழுதியபோது அவர் காவலில் இருந்தார். இந்த வரலாற்றில் சிறைச்சாலை அடிக்கடி குறுக்கிடும்.

4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்துக்குப் போன துறவிகள் ஆசைகளின் இரைச்சல் அடங்கிய நிலையைத் தேடினர். அவர்களிடம் கற்றவற்றைக் காசியான் என்ற துறவி 415 வாக்கில் பிரான்சின் மார்செய்க்குக் கொண்டுவந்தார். வடக்கே மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் 386-இல் தன் போராட்டத்தைக் கைவிட்ட அகுஸ்தீன், அந்த அனுபவத்தைத் தன் 'அறிக்கைகள்' நூலில் பதிவு செய்தார். கீழைத் திருச்சபையில் அத்தோஸ் மலைத் துறவிகளின் மௌன ஜெபம் பெரும் விவாதமாகி, 1341-இலும் 1351-இலும் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கங்களில் ஏற்கப்பட்டது.

மேற்கே கதை வேறு. தன் விருப்பத்தை முற்றிலும் இழந்த ஆன்மாவைப் பற்றி நூல் எழுதிய மார்கரீத் பொரேத், 1310 ஜூன் 1 அன்று பாரிசில் எரிக்கப்பட்டார். அவருடைய நூல் பெயரில்லாமல் மடங்களில் தொடர்ந்து படிக்கப்பட்டது. அது அவர் எழுதியது என்று அடையாளம் காணப்பட்டது 20ஆம் நூற்றாண்டில்தான். எக்கார்ட் என்ற ஜெர்மானிய தொமினிக்க குருவின் 28 கூற்றுகள் குறித்து 1329-இல் போப்பாண்டவரின் ஆணை வந்தபோது அவர் உயிரோடு இல்லை. எக்கார்ட் உண்மையிலேயே மரபை மீறினாரா, அல்லது சொற்களைத் துணிந்து கையாண்டதுதான் வினையாயிற்றா என்பதில் ஆய்வாளர் இன்றும் ஒத்துப்போவதில்லை.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் இக்கருத்து ஒழுங்குபட்டது. லொயோலா இஞ்ஞாசியாரின் 'ஆன்மப் பயிற்சிகள்' 1548-இல் திருச்சபையின் ஒப்புதல் பெற்றது. தன் சுதந்திரம், நினைவு, அறிவு அனைத்தையும் கடவுளுக்குக் கொடுத்துவிடும் ஜெபம் ஒன்று அதில் உள்ளது. பிரான்சிஸ் சலேசியார் 1616-இல் வெளியிட்ட நூலில், நோயோ நலமோ எது வந்தாலும் சமமாக ஏற்கும் மனநிலையை விரித்துரைத்தார். இருவருமே புனிதர் பட்டம் பெற்றவர்கள்.

17ஆம் நூற்றாண்டில் பாரிசின் கார்மேல் மடத்துச் சமையற்கட்டில் நிக்கொலா ஹெர்மான் என்ற லொரேன் நாட்டுக்காரர் இருந்தார். மடத்தில் அவர் பெயர் சகோதரர் லாரன்ஸ். முப்பதாண்டுப் போரில் அடிபட்டுக் கால் ஊனமான பழைய சிப்பாய் அவர். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற மரம் ஒன்றைப் பார்த்து, அது மீண்டும் துளிர்க்கப்போவதை நினைத்ததும் மனம் மாறியதாகச் சொல்லியிருக்கிறார். பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும், நற்கருணையின் முன் முழங்காலிட்டிருக்கும்போதும் தன் அமைதி ஒன்றுபோல இருந்தது என்பதே அவர் உபதேசம் முழுவதும். மடத்துக்குத் திராட்சை மது வாங்க பர்கண்டிக்கு அனுப்பப்பட்டபோது, நடக்க முடியாமல் படகில் இருந்த பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டு நகர்ந்தார் என்றும், அதைப் பற்றி அவருக்கு வெட்கமோ கவலையோ இருக்கவில்லை என்றும் குறிப்பு உண்டு. ஆன்மிக நூல்களில் இப்படிப்பட்ட காட்சிகள் அரிது. 1691-இல் அவர் இறந்த பிறகு, பொஃபோர் என்ற குரு அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்து 1692-இலும் 1694-இலும் வெளியிட்டார். அந்த வெளியீட்டின் காலம் அவ்வளவு நல்லதாக அமையவில்லை. காரணம், ஜெபத்தில் சும்மா இருப்பதே உள்ளமைதிக்கு வழி என்ற அமைதிவாதத்தைப் பற்றிய சர்ச்சை அதற்குள் வெடித்திருந்தது.

ஆவணங்கள் மிகுதியாகக் கிடைப்பது இந்தச் சர்ச்சைக்குத்தான்: கடிதங்கள், பதில்கள், பதிலுக்குப் பதில்கள், வழக்குக் குறிப்புகள். மன அமைதியைப் பற்றி மனிதர்கள் இவ்வளவு சண்டையிட்டது வேறெப்போதும் இல்லை எனலாம்.

ஸ்பெயினின் முனியேசா ஊரில் 1628-இல் பிறந்த மிகுவேல் தெ மொலினோஸ் 1663-இல் ரோமுக்கு வந்து, பலர் தேடிவரும் ஆன்ம குருவானார். 1675-இல் வெளியான அவருடைய 'ஆன்மிக வழிகாட்டி' ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பரவியது. ஜெபத்தில் மனத்தைப் பிடித்து இழுக்காமல், எண்ணங்களையும் உருவங்களையும் விட்டு, கடவுள் செயல்படத் தான் சும்மா இருப்பதே உள்ளமைதிக்கு வழி என்றார். முடிதுறந்து ரோமில் குடியேறிய சுவீடனின் அரசி கிறிஸ்டினா அவரை ஆதரித்தார். போப்பாண்டவர் 11ஆம் இன்னசென்ட்டே அவரிடம் மதிப்பு வைத்திருந்தார். எதிர்த்து எழுதிய இயேசு சபைக் குரு செஞ்ஞேரியின் நூல்தான் முதலில் தடைப்பட்டியலில் சேர்ந்தது.

1685 ஜூலையில் நிலைமை தலைகீழானது. மொலினோஸ் கைது செய்யப்பட்டார். பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயியின் தூதர் கொடுத்த நெருக்கடியே காரணம் என்பாரும், திருவருட்சாதனங்களையும் வாய்ஜெபத்தையும் அவருடைய சீடர்கள் அலட்சியம் செய்ததே காரணம் என்பாரும் உண்டு. அவருடைய வீட்டில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் கைப்பற்றப்பட்டன; எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது. 1687 செப்டம்பர் 3 அன்று ரோமில் மினெர்வா மாதா ஆலயத்தில் பெருங்கூட்டத்தின் முன் தன் கொள்கைகளைக் கைவிடுவதாக அறிவித்தார். நவம்பரில் 68 கூற்றுகளைக் கண்டித்துப் போப்பாண்டவரின் ஆணை வெளியானது. சோதனைகளை எதிர்க்கவே வேண்டாம் என்று கற்பித்தார், ஒழுக்கம் தவறினார் என்ற குற்றச்சாட்டுகள் எவ்வளவு உண்மை என்பது தீராத கேள்வி. விசாரணைக் கோப்பு முழுமையாகக் கிடைக்கவில்லை. அச்சான நூலிலோ அப்படிப்பட்ட வெளிப்படையான போதனை இல்லை. 1696 டிசம்பரில் சிறையிலேயே அவர் இறந்தார்.

அவர் கண்டிக்கப்பட்ட அதே 1687-இல், லூத்தரன் சபையைச் சேர்ந்த ஃபிராங்கே அந்த நூலை லத்தீனில் மொழிபெயர்த்தார். பின்னாளில் ஹாலே நகரில் ஃபிராங்கே அமைத்த பக்தி இயக்க வட்டத்திலிருந்துதான் சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். ரோமின் சிறையிலிருந்து தரங்கம்பாடி வரை இதை வைத்து நேர்கோடு போட்டுவிட முடியாது. ஆனாலும் குறிக்கத் தக்க செய்தி.

பிரான்சில் அமைதிவாதத்தின் முகமாக ஆனவர் ஒரு பெண். 1648-இல் மொந்தார்ஜியில் பிறந்த ழான் கீயோன், பதினைந்தாவது வயதில் தன்னைவிட மிக மூத்த செல்வந்தருக்கு மணமுடிக்கப்பட்டு, 1676-இல் விதவையானார். பிறகு ஊர் ஊராகப் போய், குருக்களுக்கும் விதவைகளுக்கும் ஏழைகளுக்கும் ஜெபம் கற்றுக்கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பழகக்கூடிய எளிய ஜெபமுறை என்று அவர் 1685-இல் வெளியிட்ட சிறுநூல் வேகமாக விற்றது. 1688 ஜனவரியில் முதல் காவல். மன்னரின் துணைவியான மெந்தெனோன் சீமாட்டி தலையிட்டு விடுவித்தார். அச்சீமாட்டி ஏழைப் பிரபுக்குலப் பெண்களுக்கென்று சான் சீரில் நடத்திய பள்ளியிலும் கீயோனின் செல்வாக்கு பரவியது. அங்கே சகோதரிகள் பெருக்க எடுத்த துடைப்பத்தோடு தியானத்தில் மூழ்கி நின்றுவிட்டார்கள் என்று ஒரு கதை. எதிரிகள் ஊதிப் பெருக்கியதாகவும் இருக்கலாம்.

பின்னர் மன்னரின் பேரனுக்கு ஆசிரியரான குரு ஃபெனெலோன், கீயோனை 1688 அக்டோபரில் சந்தித்தார். முதலில் ஐயத்தோடும் பின்னர் பெருமதிப்போடும் அவரோடு கடிதம் எழுதிக்கொண்டார். எதிர்ப்பக்கம் நின்றவர் அக்காலத்தின் பெரும் பேச்சாளரான ஆயர் பொசுவே. இஸ்ஸியில் நடந்த ஆலோசனைகளின் முடிவில் 1695 மார்ச்சில் 34 விதிகள் கையெழுத்தாயின. எவரும் சமாதானமாகவில்லை. கீயோன் மறுபடி கைதாகி முதலில் வான்சென் கோட்டைக்கும், 1698-இல் பாஸ்தீய் சிறைக்கும் போனார். ஃபெனெலோன் 1697-இல் வெளியிட்ட 'புனிதர்களின் கூற்றுகள்' என்ற நூலில், தன் மீட்பைக்கூட எதிர்பாராமல் கடவுளைக் கடவுளுக்காகவே நேசிக்க முடியும் என்று வாதிட்டார். சகோதரர் லாரன்சையும் சாட்சிக்கு அழைத்தார். பொசுவே 1698-இல் பதிலளித்தபோது, கீயோன் நம்பிக்கையோடு தன்னிடம் ஒப்படைத்திருந்த கையெழுத்துப் பிரதியின் அந்தரங்கங்களை அச்சில் ஏற்றினார். பாரிஸ் அதை ஆவலோடு வாங்கிப் படித்தது.

ரோமில் ஃபெனெலோனின் நூலை ஆராய்ந்த பத்துப் பேர் ஐந்துக்கு ஐந்தாகப் பிரிந்தனர். மன்னரின் வற்புறுத்தல் தொடர, 1699 மார்ச் 12 அன்று 12ஆம் இன்னசென்ட் 23 கூற்றுகளைக் கண்டித்தார். தப்பறை என்ற கடுஞ்சொல்லை மட்டும் தவிர்த்தார். கம்ப்ரேயில் பேராயராக இருந்த ஃபெனெலோனுக்குச் செய்தி வந்தது மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று. பிரசங்கபீடம் ஏறப்போன அவர், தயாரித்திருந்ததை விட்டுவிட்டுக் கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசினார் என்று மரபு. கண்டிக்கப்பட்ட தன் நூல் மிதிபடும் காட்சி பொறித்த பொற்கதிர்ப்பாத்திரம் ஒன்றைப் பேராலயத்துக்கு அளித்தார் என்ற செய்தியைச் சிலர் நம்புகிறார்கள், சிலர் மறுக்கிறார்கள். கீயோன் 1703-இல் விடுதலையாகி, புளுவா நகரில் 1717-இல் மறைந்தார். இறுதிவரை கத்தோலிக்கராகவே இருந்த அவரை நாடி வந்தவர்களில் ஸ்காட்லாந்து, ஹாலந்து, ஜெர்மனியைச் சேர்ந்த சீர்திருத்தச் சபையாரும் இருந்தனர்.

18ஆம் நூற்றாண்டுக்குச் சில குறிப்புகளே போதும். 1736 ஜனவரியில் அட்லாண்டிக் புயலில் கப்பல் தத்தளித்தபோது அமைதியாகப் பாடிக்கொண்டிருந்த மொரேவிய விசுவாசிகளைக் கண்டு ஜான் வெஸ்லி கலங்கினார். 1755-இல் அவர் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனை மெதடிஸ்ட் வழியாகப் பரவி, தென்னிந்தியத் திருச்சபையின் வழிபாட்டு நூலிலும் இடம்பெற்றது. கீயோனின் வரலாற்றை அவர் 1776-இல் சுருக்கி வெளியிட்டார். இறைபராமரிப்புக்குக் கையளித்தல் பற்றி இயேசு சபைக் குரு கொசாதின் பெயரில் புகழ்பெற்ற நூல், அவர் 1751-இல் இறந்து நூறாண்டு கடந்து 1861-இல்தான் அச்சானது. அது அவருடையதுதானா என்று பின்னர் ஐயம் எழுந்துள்ளது. கீயோனின் வட்டத்தைச் சேர்ந்த யாரோ எழுதியது என்பது ஒரு கருத்து.

1875-இல் இங்கிலாந்தின் கெசிக் நகரில் தொடங்கிய ஆண்டுக் கூட்டம், முழு ஒப்புக்கொடுத்தலைச் சுவிசேஷ சபைகளின் மேடைக்குக் கொண்டுவந்தது. விசுவாசியின் போராட்டம் இவ்வளவு சுலபமாக முடிந்துவிடாது என்று, பின்னாளில் ஆயரான ஜே.சி. ரைல் 1877-இல் நூலெழுதி எதிர்த்தார். அந்தக் கூட்டத்தின் ஆதரவில் அனுப்பப்பட்ட எமி கார்மைக்கேல் 1901-இல் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் குடியேறினார். 1931-இல் விழுந்து அடிபட்டபின் 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே கிடந்து பல நூல்களை எழுதினார்.

தமிழில் இப்பொருளுக்கு வேறொரு ஊற்றும் உண்டு. வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, கிறிஸ்தவரான பின் எழுதிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-இல் வெளியானது. ஆழ்வார்களின் சரணாகதி உணர்வு அதில் எந்த அளவுக்குத் தங்கியிருக்கிறது என்பது விவாதத்துக்குரியது. பாளையங்கோட்டையில் பிறந்த ஏ.ஜே. அப்பாசாமி 1927-இல் கிறிஸ்தவத்தையே பக்தி மார்க்கமாக விளக்கி ஆங்கிலத்தில் நூலெழுதினார்.

கெசிக்கில் 1908-இல் மனமாற்றம் அடைந்த ஃபிராங்க் புக்மனின் இயக்கத்திலிருந்து கிளைத்த மதுநோயாளர் கூட்டமைப்பு, வாழ்வைக் கடவுளின் பொறுப்பில் விடுவதைத் தன் 12 படிகளில் மூன்றாவதாக வைத்தது. இவை 1939-இல் அச்சாயின. கையளித்தல் ஜெபத்தால் அறியப்படும் சார்லஸ் தெ ஃபூக்கோ 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். துன்பத்தைச் சமாளிக்க ஒப்புக்கொடுத்தல் உதவுகிறதா என்று உளவியலாளர்கள் அளக்க முயல்கிறார்கள். கொடுமைக்குள்ளான பெண்களிடம் இதைப் போதித்தால் கொடுமைக்கே துணைபோகும் என்ற எதிர்ப்பும் இறையியலாளர் சிலரிடமிருந்து வந்துள்ளது. கீயோன் தன் வரலாற்றிலிருந்து விலக்கி வைத்திருந்த சிறைக்காலக் குறிப்புகள் 1992-இல் முதன்முறையாக அச்சேறின. பாஸ்தீயின் தனிமையையும் வேவையும் அவை மறைக்காமல் சொல்கின்றன.