மரத்தில் செதுக்கிய கணினி

"வெளிநாட்டு நண்பர் அனுப்பிய பார்சல் சுங்கத்தில் நிற்கிறது. தீர்வையைக் கட்டினால் கைக்கு வரும்." பதுளை, பசறைத் தோட்டத்து லயங்கள் வரைக்கும் வந்துவிட்ட மோசடிச் செய்தி இது. அழித்துவிட்டு வேலையைப் பார்ப்பதுதான் புத்தி. அழிக்காமல், வேண்டுமென்றே பதில் எழுத உட்கார்ந்தவர்களின் கதை வேறு.

வேண்டாத மின்னஞ்சலைத் தொடக்கிவைத்தவர் ஒரு விற்பனையாளர். 1978 மே மாதம், அமெரிக்காவின் கேரி துர்க் தன் கம்பெனிக் கணினிகளை விளம்பரப்படுத்த, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே மடலைத் தட்டிவிட்டார். ஒருவருக்கு அனுப்பினாலும் ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். மோசடிக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? மோசடியைத் தண்டிக்கும் நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவு அவர்கள் தொழிலுக்கே பெயராகிப்போனது.

ஆனால் யாராவது பதில் போட்டுவிட்டால், அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்கார்ந்து பேசியாக வேண்டும். அவனுடைய நேரத்துக்கு விலை உண்டு. இங்கிலாந்தின் மைக் பெரி கைவைத்தது அங்கேதான். ஏமாந்தவர்போல நடித்து மோசடிக்காரர்களை அலையவிடுவதற்கென்றே 2003இல் அவர் '419 ஈட்டர்' தளத்தைத் தொடங்கினார். கலை வியாபாரியாக வேடம் போட்டு, சிற்பிகளுக்கு உதவித்தொகை தருவதாக ஒருவரை நம்பவைத்தார். அந்த மனிதர் பழைய கொமடோர் 64 கணினியை, ஒவ்வொரு விசையாக, மரத்தில் செதுக்கி அனுப்பினார். காசு வரவேயில்லை. திருடனுக்கு வேண்டியதுதான் என்பது என் கட்சி. ஆனாலும் தேயிலைக் கொழுந்து நிறை குறைந்ததற்காக அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, வாங்கிப் பழகிய ஊரில், அந்த அரைப்பேரும் விழாமல் போன ஓர் உழைப்பைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்க வரவில்லை.

பிறகு இந்த வேலை இயந்திரத்தின் கைக்குப் போனது. 2017இல் நியூசிலாந்தின் நெட்சேஃப் அமைப்பு, மோசடி மடல்களுக்கு ஓயாமல் பதில் எழுதும் 'ரீஸ்கேம்' என்ற நிரலை விட்டது. 2024 நவம்பரில் பிரித்தானியாவின் ஓ2 நிறுவனம் 'டெய்சி' என்ற செயற்கைப் பாட்டியை இறக்கியது. பின்னல் வேலை, குடும்பக் கதை என்று பேசிப் பேசியே அவள் மோசடிக்காரரின் தொலைபேசி அழைப்பை 40 நிமிடம்வரை இழுத்தடிப்பாள்.

இப்படி அவர்கள் நேரத்தை வீணாக்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டு வேலை என்று நம்பிப் போன இலங்கை இளைஞர்கள், மியன்மாரின் மியாவடி முகாம்களில் அடைபட்டு இதே மோசடி வேலையைச் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். சிலர் 2024இல் மீண்டு வந்தார்கள். அங்கே நாள் இலக்கு எட்டாதவர்களுக்கு அடி விழும். அப்படி அடைபட்டவன் ஒருவன் மறுமுனையில் இருந்தால், வீணாகும் 40 நிமிடமும் முதலாளி கணக்கில் எழுதப்படாது.