டேக்வாண்டோவில் கை எங்கே போச்சு?

இங்க ஹெப்பகோடியில் என் பையன் டேக்வாண்டோ கத்துக்கறான். சண்டைப் பயிற்சியில எல்லாப் பிள்ளைகளும் கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு காலாலேயே விளாசறாங்க. ஏன்னு தேடினா, பின்னாடி ஒரு வரலாறே இருக்குங்க.

1955-ல் கொரியாவில் இந்தப் பெயர் வெச்சப்போ, கராத்தே வழி வந்த குத்தும் தடுப்பும் இதில் நிறையவே இருந்துச்சு. ஆனா 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டான வடிவத்தில், முகத்தில் குத்தக் கூடாது. 2017-ல் உடம்பில் விழும் உதைக்கு 2 புள்ளி ஆக்கினாங்க. குத்துக்கு அதே 1தான். முகத்துக்குக் குத்தே வராதுன்னா கை எதுக்கு உயரும்?

தெருவில் நடுவர் கிடையாதே! பழைய கை வித்தை இன்னும் பூம்சேயில், நம்ம குத்துவரிசை மாதிரி, வரிசை வரிசையா பத்திரமா இருக்கு. பிள்ளைகளை அனுப்பறவங்க, மெடலோட நிறுத்தாம அதையும் சொல்லித்தரச் சொல்லிக் கேளுங்க.