திரும்பி வராத மொய்

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது. ஆனாலும் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கல்யாண மண்டபங்கள் அந்த மாதத்தில்தான் நிரம்பி வழியும். வாசலில் பேனர், உள்ளே இலை, இலையில் ஆட்டுக்கறி. சாப்பிட்டுக் கை கழுவியதும் நேராக மொய் எழுதும் மேசைக்குப் போக வேண்டும். பொண்ணும் கிடையாது, மாப்பிள்ளையும் கிடையாது, காதுகுத்தும் கிடையாது. மொய் வாங்குவதற்காகவே போடுகிற விருந்து, மொய் விருந்து.

வெளியூர்க்காரர்கள் இதை வேடிக்கையாகப் பார்ப்பார்கள். கணக்கு வழக்குத் தெரிந்தவர்களுக்கு அது வட்டியில்லாத வங்கி. நான் உங்கள் விருந்துக்கு 5,000 எழுதினால், என் முறை வரும்போது நீங்கள் அந்த 5,000-ஐயும் அதற்கு மேல் கொஞ்சம் புது மொய்யும் எழுதுவீர்கள். அந்தக் கூடுதல் தொகை இப்போது என் கடன். இப்படியே கணக்கு முடியாமல் ஓடும். மொய் நோட்டை வீட்டில் பத்திரம் மாதிரி வைத்திருப்பார்கள். வந்த பணத்தில் கிணறு வெட்டியவர்கள் உண்டு, பிள்ளையைக் காலேஜில் சேர்த்தவர்கள் உண்டு, ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் உண்டு.

எங்கள் பக்கத்தில் ஹெல்த் இன்சூரன்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்விக்குப் பின்னால் இந்த நோட்டுதான் இருக்கிறது. “நோய் வரலைன்னா கட்டுன காசு திரும்ப வருமா மாப்ள?” வராது என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒரு தடவைகூடத் திரும்பி வராத மொய்யை எவன் எழுதுவான்? நம் ஊரில் எல்.ஐ.சி.யின் முதிர்வுத் தொகைப் பாலிசிகள் இவ்வளவு விற்றதற்கும் இதே மனக்கணக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த மனக்கணக்கை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஒரு நாடு இதையே கொள்கையாக வைத்திருந்தது. அது நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊர்தான், சிங்கப்பூர். பிரிட்டன் மாதிரி வரிப்பணத்தில் எல்லோருக்கும் வைத்தியம் என்று போனால் மக்கள் மருந்தை வீணடிப்பார்கள் என்ற பயம் அங்கே ஆட்சியில் இருந்தவர்களுக்கு இருந்தது. 1984-இல் மெடிசேவ் வந்தது. சம்பளத்தில் 6 சதவீதம் அவரவர் பெயரில் மருத்துவக் கணக்குக்குப் போகும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுக்கலாம், குடும்பத்தாருக்கும் எடுக்கலாம், மிச்சம் இருந்தால் அது உங்கள் பணம். மொய் விருந்தின் தர்மம்தான், விருந்து மட்டும் இல்லை.

ஆறே வருடத்தில் அதில் ஓட்டை தெரிந்தது. ஒரு பேச்சுக்கு, வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கு 3 லட்சம் ரூபாய் வைத்தியம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 3,000 பொதுவில் போட்டால் அந்த ஒருவரைக் காப்பாற்றிவிடலாம். அதே 3,000-ஐ அவரவர் உண்டியலில் போட்டு வந்தால், அந்த ஒருவர் 3 லட்சம் சேர்க்க நூறு வருடம் ஆகும். நோய் அவ்வளவு காலம் பொறுக்காது. ஆகவே 1990-இல் பெரிய நோய்களுக்கு மெடிஷீல்டு என்ற காப்பீடு வந்தது. 1993-இல், இரண்டிலும் தேறாத ஏழைகளுக்கு மெடிஃபண்ட். மெடிஷீல்டிலும் ஒரு வேலி இருந்தது. ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு அந்த நோய்க்குப் பணம் கிடையாது. அந்த வேலியை எடுக்க 25 வருடம் ஆனது. 2015 நவம்பரில் மெடிஷீல்டு லைஃப் வந்தபோதுதான் எல்லாக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பழைய நோயோடு சேர்த்து, ஆயுள் முழுக்க, கட்டாயமாக உள்ளே வந்தார்கள். உண்டியலில் தொடங்கிய நாடு கடைசியில் பொதுப் பானைக்குத்தான் வந்து சேர்ந்தது. உண்டியலை உடைக்கவில்லை, பானையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டது.

அமெரிக்காவில் இந்த உண்டியலுக்கு ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட் என்று பெயர். 2003 டிசம்பரில் புஷ் கையெழுத்திட்ட சட்டத்தில் வந்தது. போடும்போதும் வரி இல்லை, மருத்துவத்துக்கு எடுக்கும்போதும் வரி இல்லை. அங்கே வேலை பார்க்கும் நண்பர்கள் “சேமிப்பா, இன்சூரன்ஸா” என்று வாட்ஸப்பில் மணிக்கணக்காக விவாதிப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், சட்டப்படி அந்தக் கணக்கில் பணம் போடவே ஒரு காப்பீடு இருந்தாக வேண்டும். முதல் சில ஆயிரம் டாலரை நீங்களே கட்ட வேண்டிய வகைக் காப்பீடு அது. கைக்காசு என்றால் மனுஷன் யோசித்துச் செலவழிப்பான் என்பது அதன் பின்னால் உள்ள வாதம். அதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1970-களில் ராண்ட் நிறுவனம் ஆயிரக்கணக்கானவர்களைப் பல வகைத் திட்டங்களில் பிரித்துப் போட்டு நடத்திய ஆய்வில், கைக்காசு போட்டவர்கள் வைத்தியத்தைக் குறைத்துக்கொண்டார்கள் என்பது உறுதியானது. பெரும்பாலானவர்களின் உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை. ஏழைகளாகவும் இரத்த அழுத்தக்காரர்களாகவும் இருந்தவர்களுக்குக் கெடுதல் இருந்தது. தேவையில்லாத வைத்தியத்தோடு தேவையான வைத்தியத்தையும் சேர்த்தே குறைத்துவிட்டார்கள். எது தேவை என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்?

நம்மிடம் அந்தப் பெயரில் கணக்கு இல்லை. ஆனால் 1952-இன் வருங்கால வைப்பு நிதித் திட்டத்திலேயே வைத்தியத்துக்கு முன்பணம் எடுக்க வழி உண்டு. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. அதாவது, முதுமைக்கு வைத்த பணத்தை நோய்க்குக் கொடுத்துவிடலாம். மாதச் சம்பளக்காரர்களின் மொய் நோட்டு அது.

நெல்லறுக்கிற, தேங்காய் உரிக்கிற ஆளுக்கு அதுவும் இல்லை. மொய் நோட்டும் சன்னமாகத்தான் இருக்கும். 200 எழுதியவருக்கு 200-ஐ ஒட்டித்தான் திரும்பும். மண்டபம் பிடித்துக் கறி போட முடியாதவர் அந்த வங்கியில் கணக்கே திறக்க முடியாது. மொய்யைக் கொண்டாடிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

அப்படிப்பட்ட வீடுகளுக்குள் காப்பீடு என்ற சொல் நுழைந்தது 2009 ஜூலையில், கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக. பிரீமியத்தை அரசே கட்டியது. குடும்பத்துக்கு நான்கு வருடத்துக்கும் சேர்த்து 1 லட்சம் ரூபாய். 2012 ஜனவரியில் ஜெயலலிதா அதை மாற்றி, முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக்கினார். வருடத்துக்கு 1 லட்சம், சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம். 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு சேர்ந்து 5 லட்சமானது. பெயரை மாற்றிக்கொண்டார்களே தவிர, யாரும் அதை நிறுத்தத் துணியவில்லை. “காசு திரும்ப வருமா” என்ற கேள்வியையே அரசு எழவிடாமல் செய்துவிட்டதுதான் இதில் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. இதில் நோட்டு கிடையாது. நீ யாருக்கு எவ்வளவு எழுதினாய் என்று எவரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள்.

2018-இல் இன்னொன்றும் நடந்தது. நவம்பர் 16 அதிகாலை கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. தென்னை காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடமாவது வேண்டும். மொய் எழுதுகிறவன், வாங்குகிறவன், எழுதப்போகிறவன் எல்லோருடைய மரமும் ஒன்றாக விழுந்தால் நோட்டில் உள்ள வரவை யாரிடம் போய்க் கேட்பது? அடுத்து வந்த ஆடிகளில் மொய் விருந்துகள் சோர்ந்துபோயின, பின்னாலேயே கொரோனா. ஒரே ஊருக்குள் சுற்றுகிற பணம் ஊரோடு சேர்ந்து நனையும். காப்பீட்டுப் பானையில் கோயம்புத்தூர்க்காரனும் திருநெல்வேலிக்காரனும் இருப்பதன் அருமை அந்த மாதிரி வருடங்களில்தான் தெரியும்.

இதற்காகக் காப்பீட்டைத் தலையில் வைத்து ஆட வேண்டாம். அரசுக் காப்பீடு படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அந்த அட்டை உதவாது. நம் ஆட்களின் பணம் பெரும்பாலும் கரைவது இந்தச் சில்லறையில்தான். தனியார் காப்பீட்டில் வேறு சிக்கல். மொய் நோட்டு பணத்தை ஞாபகம் வைத்திருக்கிறதென்றால், இவர்கள் நோயை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். பாலிசி எடுக்கும்போதே இருந்த நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம் என்பது 2024-இல் தளர்த்தப்பட்ட விதி. அதற்கு முன்னால் நான்கு வருடம். ஆகவே, என்னைக் கேட்டால், இருபத்தைந்து வயதில் மொய் மாதிரி நினைக்காமல் ஒரு காப்பீடு எடுத்துவிட வேண்டும். சில்லறைச் செலவுக்கு வங்கியில் தனியாக ஒரு தொகை போதும்.

சிங்கப்பூர் போன நம் பையன்கள் கதை இன்னும் சிக்கல். ஒர்க் பெர்மிட்டில் போனவருக்கு மெடிசேவ் கிடையாது, மெடிஷீல்டும் கிடையாது. 2008 முதல் முதலாளி கட்டாயம் காப்பீடு எடுக்க வேண்டும். வருடத்துக்கு 5,000 வெள்ளியில் தொடங்கி, 2010-இல் 15,000 ஆகி, 2023 ஜூலையில் 60,000 ஆனது. வேலை முடிந்து விமானம் ஏறினால் அதுவும் முடிந்தது. ஐம்பது வயதில் சர்க்கரையோடு ஊர் திரும்புகிறவரிடம் உண்டியலும் இல்லை, பானையும் இல்லை. புதுப் பாலிசி போடப் போனால் மூன்று வருடம் காத்திருங்கள் என்பார்கள். அவர் பட்டுக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருத்துவப் பணிகள் கழகம் 1990-களின் நடுவிலிருந்து வாங்கி அனுப்புகிற மாத்திரையை ஒரு மாதத்துக்கு வாங்கிக்கொண்டு போகிறார். அதற்குப் பிரீமியமும் இல்லை, நோட்டும் இல்லை.