தர்க்கப் படலை: மையச் செயலியின் வரலாறு

வன்னிக் கிராமங்களில் வளவின் வாயிலை அடைப்பது படலை. கணினியின் மையச் செயலியிலுள்ள அடிப்படை மின்சுற்றுகளையும் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'தர்க்கப் படலை' என வழங்குகின்றன. மின்குறியை விடுத்தலும் தடுத்தலுமே கணிப்பிற்கு அடிப்படையாதலின் அப்பெயர் பொருத்தமானதே.

1945 இல் அமெரிக்காவில் நிறைவுற்ற எனியாக் பொறியிற் கணக்கு மாறுந்தோறும் வடங்களை மாற்றிப் பிணைக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டிலேயே வொன் நியூமன் பெயரில் வெளிவந்த அறிக்கை, தரவுகளைப் போலக் கட்டளைகளையும் நினைவகத்தில் வைக்கலாம் என விளக்கிற்று. 1948 யூன் 21 இல் மான்செஸ்ரரில் அது செயலுருப் பெற்றது. நினைவகத்திலிருந்து கட்டளையை எடுத்தல், அதன் பொருளறிதல், நிறைவேற்றல் என்னும் சுழற்சியே செயலியின் தொழிலாயிற்று. 1971 இல் இன்ரெல் 4004, ஏறத்தாழ 2,300 திரான்சிற்றர்களைக் கொண்டு, அத்தொழிலை ஒரே சில்லில் அடக்கியது.

2018 இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரின் 'சக்தி' செயலி சில்லாக உருப்பெற்றது. அது தழுவிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதி, உரிமப்பணமின்றி எவரும் பயன்படுத்தத்தக்கது. கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கணினியியல் பயில்வோர்க்கு இச்செய்தி இன்றியமையாதது. படலை திறந்துள்ள இக்காலத்திற் செயலியைப் பயன்படுத்துவோராக அமைந்துவிடாது, ஆக்குவோராகவும் நாம் உயர்தல் வேண்டும்.